கட்டின் மேல் குங்குமம்

குறை கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் போன் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் எட்டு வருஷமாகச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். வெள்ளை விளக்கின் கீழே கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் கீறல் தெரியும். மற்றவர்கள் மூன்று முறை திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிப்பதை நான் எடுத்த எடுப்பிலேயே கண்டுபிடித்துவிடுவேன். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பேன். சூப்பர்வைசர் என் கண்ணைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்.

வேலை முடிந்ததும் இந்தக் கண்ணைக் கம்பெனி லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வர முடிந்தால் நன்றாக இருக்கும். முடிவதில்லை. திருப்பதிக்குத் திரும்புகிற பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணின் ரவிக்கையில் பிரிந்த தையல்தான் தெரியும். வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் தெரிவது துடைக்காத அடுப்பு. என் கணவர் மலைக்கு யாத்திரிகர்களை ஏற்றிப் போகிற வேன் டிரைவர். அத்தனை வளைவுகளில் வண்டி ஓட்டுகிறவருக்கு இருக்கிற நிதானத்தில் கால்வாசி எனக்கு இல்லை.

கீழ் வீட்டில் என் ஓரகத்தி இருந்தாள், அதாவது கணவரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளை எனக்குப் பிடிக்காது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான். சாம்பாருக்கு உப்புப் போட்டோமா என்பது அவளுக்கு ஞாபகமிருக்காது. வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் நிஜம் என்பாள். யார் எந்தச் சாமியைப் பற்றி என்ன சொன்னாலும் கண் கலங்குவாள்.

ஒரு முறை இரண்டு குடும்பமும் சேர்ந்து திருமலைக்குப் போனோம். பத்து மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு சந்நிதிக்கு முன்னால் ஒரு நொடி கிடைத்தது. வெளியே வந்ததும் அக்கா தேம்பித் தேம்பி அழுதாள், பெருமாள் தன்னைப் பார்த்துச் சிரித்தார் என்றாள். என்ன மாலை போட்டிருந்தார் என்று கேட்டேன். தெரியாது என்றாள். எனக்குத் தெரிந்திருந்தது. இடப்பக்க விளக்கின் திரி கருகியிருந்ததும் தெரிந்தது, எங்களைத் தள்ளிவிட்ட பெண்ணின் கைக்கடிகாரம் நின்றுபோயிருந்ததும் தெரிந்தது. முகம் மட்டும் எனக்கு ஞாபகத்தில் நிற்கவில்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் பார்த்ததுதான் உண்மையில் இருந்தது, அவள் பார்த்தது அவளாக ஏற்றிச் சொன்னது என்று முடிவுகட்டிவிட்டேன்.

போன வருஷம் கோடையில் என் மகளுக்குக் கழுத்தில் நெறி கட்டியது. ஆறு வயசு. இடது தாடைக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. தலை வாரும்போது நான்தான் முதலில் கவனித்தேன். சளி பிடித்தால் வருவதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். பதினைந்து நாள் மாத்திரை கொடுத்தும் கரையவில்லை. பக்கத்திலேயே இன்னொன்று வந்தது. ஊர் டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, வேலூருக்குப் போய் எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிடுங்கள், வேறு ஏதாவது இருந்தால் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும் என்றார். வேறு ஏதாவது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. எந்நேரமும் கேள்வி கேட்கிற வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து என் பிள்ளையை நான் பிள்ளையாகப் பார்க்கவில்லை. அவள் தோசை தின்னும்போது, விளையாடும்போது, தூங்கும்போது கழுத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் கிடைத்த தேதி கங்கம்மா ஜாத்திரை வாரத்தில் வந்து விழுந்தது.

திருப்பதியில் வாழ்கிறவர்களுக்கு இதன் சங்கடம் தெரியும். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஊரின் எல்லைகளில் பறையடித்து ஜாத்திரை சாட்டிவிட்டால், அது முடிகிறவரை ஊர்க்காரர்கள் ராத்திரியில் வெளியூரில் தங்கக்கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுது சாய்ந்தால் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். அந்த வாரம் மட்டும் எங்கள் கம்பெனியில் திருப்பதிப் பெண்கள் யாரும் நைட் ஷிப்டுக்கு வரமாட்டோம். சென்னைப் பக்கத்துப் பெண்களோடு ஷிப்டு மாற்றிக்கொள்வோம். இதெல்லாம் நம்புகிறாயா என்று அவர்கள் கேட்பார்கள். நம்பிக்கையா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் எட்டு வருஷத்தில் ஒரு முறைகூட நான் மீறியதில்லை. சாமி இருக்கிறது என்பதைவிட, சாமி கவனித்துக்கொண்டிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

தேதியை விட்டால் அடுத்தது மூன்று வாரம் கழித்துத்தான். எடுத்த பிறகு ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று வாரம் என்னால் காத்திருக்க முடியாது. எதற்கும் சிரிக்கிற கணவர் இதற்கும் சிரித்தார்.

“கங்கம்மா நம்மூரு பொம்பளதானே, புரிஞ்சிக்குவா. நீ கிளம்பு.”

அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொல்லவில்லை. மாமியார் போன பிறகு வீட்டில் ஜாத்திரைக் காரியமெல்லாம் அவள் பொறுப்பு. சொன்னால் அழுவாள், தடுப்பாள், ஊர் முழுக்கச் சொல்லுவாள் என்று நினைத்தேன். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுவோம் என்றேன்.

புதன்கிழமை மத்தியானம் கட்டியை எடுத்தார்கள். சாயங்காலம் வார்டு வராந்தாவில் நிற்கும்போது அக்காவிடமிருந்து போன் வந்தது. பஸ் சித்தூர் தாண்டிவிட்டது என்று கணவர் வாய் கூசாமல் சொன்னார். பின்னால் ஸ்ட்ரெச்சர் உருட்டுகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்குமோ என்று நினைத்துக்கொண்டே நின்றேன். இருட்டியதும் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். இந்நேரம் எல்லைக்குள் இருந்திருக்க வேண்டும் என்கிற நினைப்பு பிள்ளையின் வலியைவிடப் பெரிதாக நின்றது. அதை நினைத்து வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டதால் பயம் குறையவில்லை.

டூட்டி டாக்டரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்து, காலை ஆறு மணிக்கு வந்து இறங்கினோம். கீழ் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். எட்டு மணிக்கு அக்கா கூழ் எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். வர லேட்டாகிவிட்டதா என்று கேட்டாள். ராத்திரி பன்னிரண்டு மணி ஆகிவிட்டது, உங்களை எழுப்ப வேண்டாம் என்று நினைத்தோம் என்றேன். சரி என்றாள். பிள்ளையின் கழுத்தில் ஒட்டியிருந்த வெள்ளைக் கட்டைப் பார்த்தாள், கன்னத்தைத் தடவினாள். ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும் என்றேன்.

அன்றைக்கு ஜாத்திரையில் பண்ட வேஷம், அதாவது திட்டுகிற வேஷம். நேர்த்திக்கடன் உள்ளவர்கள் உடம்பெல்லாம் குங்குமத்தைக் குழைத்துப் பூசிக்கொண்டு, கையில் வேப்பிலையோடு தெருவில் வருவார்கள். எதிரில் வருகிறவர்களை வாயில் வந்தபடி திட்டுவார்கள். கேட்டால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய திட்டு. யாரும் கோபித்துக்கொள்ளக்கூடாது. அன்றைக்கு அவர்கள் வாயில் பேசுவது கங்கம்மா, வாங்குகிற திட்டு ஆசீர்வாதம், வருஷம் முழுக்க நோய்நொடி அண்டாது என்பார்கள். கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா, காலேஜ் வாத்தியார் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்று திட்டு வாங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

பிள்ளையைக் கோயிலில் அம்மாவுக்குக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்றாள் அக்கா. கூட்டம், தூசி, பச்சைக் காயம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். ரொம்பவும் மறுத்தால் சந்தேகம் வரும் என்று பயந்து கிளம்பினேன். கோயில் தெரு முனையில் ஒருவர் எங்களை வழிமறித்தார். ஆள் உயரம். கண்ணும் பல்லும் தவிர எல்லாம் சிவப்பு. அக்காவை அவள் பரம்பரை வரைக்கும் இழுத்துத் திட்டினார். அவள் கும்பிட்டபடி சிரித்தாள். பிறகு என்னைத் திட்டினார். அதை இங்கே எழுத முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் அவர் என் மகளைப் பார்த்தார். வாய் நின்றுபோனது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு விரலால் அந்த வெள்ளைக் கட்டைத் தொட்டார். எழுந்து போய்விட்டார். அடுத்த வீட்டுக்காரரை அவர் திட்டத் தொடங்கிய சத்தம் கேட்டது. கட்டின் மேல் இரண்டு சிவப்பு வரிகள் இருந்தன.

பிள்ளையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஊரையெல்லாம் திட்டுகிற வாய் என் பிள்ளைக்கு மட்டும் ஏன் அடைத்துப்போனது? திட்டுதான் ஆசீர்வாதம் என்றால் இவளுக்கு அது இல்லையா? நோய் அண்டாது என்று சொல்ல முடியாததால்தான் சும்மா போனாரா? அந்த இரண்டு வரியும் நான் கண்ணாடியில் ஒட்டுகிற சிவப்பு ஸ்டிக்கர் போலவே எனக்குத் தெரிந்தது. நேற்று ராத்திரி எல்லைக்கு வெளியே இருந்தவள் இவள் என்று கங்கம்மா கண்டுபிடித்து அடையாளம் வைத்துவிட்டாள். இது என் தப்புக்குக் கிடைத்தது.

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. முகம் அப்படியே மலர்ந்து கிடந்தது.

“பாத்தியா, அம்மாவே கீழ உக்காந்து தொட்டுட்டா. இனிமே இன்னா பயம் நமக்கு?” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கட்டைப் பிரித்து டெட்டால் வைத்துத் துடைத்துப் புதுக் கட்டுப் போட்டேன். காயத்தில் தூள் இறங்கினால் சீழ் பிடிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய கட்டைக் குப்பையில் போடவும் பயம், வீட்டில் வைத்திருக்கவும் பயம். காகிதத்தில் சுற்றிப் பீரோ மேலே வைத்தேன். அக்கா சந்தோஷமாக இருப்பதை நினைக்க நினைக்க எரிச்சலாக வந்தது. அவளுக்கு நாங்கள் வெளியே தங்கியது தெரியாது. தெரிந்திருந்தால் அவளும் என் மாதிரிதான் நடுங்கியிருப்பாள். மடியில் கனமில்லாதவளுக்கு எல்லாம் ஆசீர்வாதமாகத்தான் தெரியும். அப்படிச் சொல்லிக்கொண்டதில் எனக்கு ஒரு அற்ப சமாதானம் இருந்தது.

வெள்ளிக்கிழமையும் கம்பெனிக்குப் போகவில்லை. போயிருந்தாலும் அன்றைக்கு என் கையில் வந்த கண்ணாடி ஒன்றுகூடத் தேறியிருக்காது. வேஷம் போட்டவர் யாரென்று அக்காவிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். தெரியாதா, இரண்டு தெரு தள்ளி மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருப்பவர்தான் என்றாள்.

சனிக்கிழமை காலையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். வெறும் கையோடு போய் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். காது மடிப்பில் இன்னும் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருந்தது. குரல் எழும்பாத மனிதர். மிக்ஸியைக் கழற்றினார், மாட்டினார், ஓட்டிப் பார்த்தார். இதில் ஒரு கோளாறும் இல்லையே என்றார். இருக்கிறது, நன்றாகப் பாருங்கள் என்றேன். மறுபடியும் கழற்றினார்.

அந்தச் சமயத்தில் கேட்டுவிட்டேன். என் பிள்ளையை மட்டும் ஏன் திட்டவில்லை, என்ன பார்த்தீர்கள், என்னவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல் மிக்ஸியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“எனக்கு அப்போ பேசுறது எதுவும் ஞாபகத்துல நிக்காதும்மா. கொழந்த கழுத்துல கட்டு இருந்திச்சி, அது மட்டும் ஞாபகம் இருக்கு. மனசு கேக்கல. அதான் தொட்டேன்.”

வேறொருத்தியாக இருந்தால் அதோடு எழுந்து வந்திருப்பாள். எனக்கு அது போதவில்லை. ஏன் மனசு கேட்கவில்லை? மற்ற பிள்ளைகளுக்கு அடிபட்டால் இவர் மனசு கேட்கிறதா? பார்த்ததும் மனசு கேட்காத அளவுக்கு இவளிடம் எதைப் பார்த்தார்? மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வீடு வரும் வழியெல்லாம் அவர் சொன்ன இரண்டு வார்த்தையைத் திருப்பித் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் எனக்குக் கீறல் கிடைத்தது.

அடுத்த மூன்று நாள் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. பிள்ளைக்கு மாலையில் லேசாக உடம்பு சுட்டது. தெர்மாமீட்டரை ஒரு மணிக்கு ஒரு தரம் வைத்தேன். நைனா, அம்மா என்னைத் தூங்கவிட மாட்டேங்குது என்று அவள் அப்பாவிடம் புகார் சொன்னாள். தெருவில் வேஷக்காரர்களின் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தினேன். கீழ் வீட்டில் அக்கா பொங்கல் வைத்தாள், விளக்கேற்றினாள், பாட்டுப் பாடினாள். அவள் பாட்டில் சுருதி இருக்காது. அதையும் குறித்துக்கொண்டேன்.

புதன்கிழமையோடு ஜாத்திரை முடிந்தது. கடைசி நாள் கோயில் முன்னால் கங்கம்மாவின் பெரிய களிமண் உருவம் செய்து, விடியும் நேரத்தில் அதைக் கலைத்து மண்ணை எல்லோருக்கும் தருவார்கள். அதற்கு நடக்கிற தள்ளுமுள்ளு சாமான்யமானதில்லை. காலையில் அக்கா புடவை கிழிந்து, முழங்கையில் சிராய்ப்போடு மாடி ஏறி வந்தாள். கையில் இலையில் சுற்றிய ஈர மண் இருந்தது. கட்டு மேல் வைத்தால் நீ திட்டுவாய், பையில் வைத்துக்கொண்டு போ என்றாள். வாங்கிக்கொண்டேன். நன்றி என்று சொன்னதாக ஞாபகமில்லை.

ரிப்போர்ட் வாங்க அன்றைக்கே வேலூர் போனோம். அங்கே டாக்டர் கதவு திறக்கக் காத்திருந்த நேரத்தில் என் மனசு ஓர் எண்ணத்தைப் பிடித்துக்கொண்டது. தப்புச் செய்தவள் நான், என்னைப் பிடித்துக்கொள், பிள்ளையை விட்டுவிடு என்று கங்கம்மாவிடம் கெஞ்சினேன். கெஞ்சும்போதே இது கேட்காது என்றும் தெரிந்திருந்தது. நான் மனசில் வைத்திருந்தவள் கெஞ்சலுக்கு இரங்குகிறவள் இல்லை.

டாக்டர் சின்னப் பெண். காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நீங்கள் பயந்தது இல்லை என்றார். டீபி, கழுத்து நெறியில் வந்திருக்கிறது, மற்றவர்களுக்கு ஒட்டாது, ஆறு மாதம் மாத்திரை விடாமல் கொடுத்தால் சரியாகிவிடும் என்றார். கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இது எங்கள் பிள்ளையின் ரிப்போர்ட்தானா, வேறு யாருடையதாவது மாறி வந்திருக்குமா என்று கேட்டேன். அவர் நம்பரைக் காட்டினார். இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன். பார்த்தார். கணவர் என் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். போனிலேயே சேதி சொல்லியிருந்ததால் அக்கா வாசலில் நின்றிருந்தாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு மாத்திரை வாங்கப் போனார். பிள்ளை உள்ளே டிவி முன்னால் போய் உட்கார்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் மாடிப்படி அடியில் நின்றோம். அவள் முழங்கைச் சிராய்ப்பில் மருந்து போடாமல் விட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் இனி பொய் சொல்ல முடியாது என்று தோன்றியது.

“அக்கா, அன்னிக்கி ராத்திரி நாங்க வரல. வேலூர்லயே தங்கிட்டோம்.”

“தெரியும். காத்தால நீ செருப்பக் கையில புடிச்சிக்கினு மாடி ஏறுனத ஜன்னல்லேந்து பாத்தேன்.”

ஏன் கேட்கவில்லை என்றேன். கேட்டிருந்தால் பிள்ளைக்கு முன்னால் நீ இன்னொரு பொய் சொல்லியிருப்பாய் என்றாள். எங்களைப் பார்த்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறாள். எல்லை தாண்டியது தப்பு என்றால் அது என் தலைமேல் இருக்கட்டும், இவர்கள் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வந்துதான் கூழ் காய்ச்சி மேலே எடுத்து வந்திருக்கிறாள். ஏதோ கடைக்குப் போய் வந்ததுபோல இதைச் சொன்னாள்.

அப்படியானால் தெருமுனையில் அவர் கட்டைத் தொட்டபோது இவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தப்பைத் தலைமேல் வாங்கிக்கொண்டு நின்றவள் இவள்தான். நடுங்க வேண்டியவளும் இவள்தான்.

உனக்கு ஒரே பையன், அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். என் குரல் எனக்கே சண்டை போடுகிற குரலாகக் கேட்டது. அவள் என்னை ஒரு நிமிஷம் புரியாமல் பார்த்தாள். கோபமில்லை, நிஜமாகவே புரியவில்லை.

“இன்னாமே பேசுற நீ? புள்ளைய வைத்தியத்துக்குத் தூக்கிக்கினு போனதுக்கு அம்மா தண்டிப்பாளா? நீ எந்த அம்மாவத்தான் கும்புடுற?”

நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த ஒன்பது வருஷமாக ஒரே கோயிலில் ஒரே படியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று கும்பிட்டிருக்கிறோம். அவள் அங்கே பார்த்துக்கொண்டிருந்தது யாரை என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்துக்கொண்டிருந்தவளைத் தெரியும். யாரிடம் என்ன குறை இருக்கிறது என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு, ஒன்று அகப்பட்டால் விடாதவள். அது நானேதான். அவளிடமா என் பிள்ளையைக் கொண்டுபோய்க் காப்பாற்று என்று நிறுத்தினேன் என்று நினைத்ததும், படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.